லாகின் கேட்காத வாடிக்கையாளர் உதவிப் படிவம்: முதன்முறை அமைப்பவர்களுக்கு

கடவுச்சொல் மறந்து வாசலில் நிற்பவரிடம் "உள்ளே வந்து புகார் கொடுங்கள்" என்று சொல்கிற உதவிப் பக்கங்கள் ஏராளம். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். லாகின் கேட்காத படிவம் முதலில் அவருக்குத்தான் வேண்டும். இன்னும் எதையும் வாங்காமல் விசாரிப்பவர், வயதான பெற்றோருக்காகக் கேட்பவர், வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவர் எல்லோரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

படிவத்தைப் போட்டு வைக்கப் பத்து நிமிடம் போதும். ஒழுங்காக அமைக்க ஒரு நாள் பிடிக்கும். காரணம் ஒன்றுதான். லாகின் இருந்தால் வந்திருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். லாகினை எடுத்துவிட்டால், மின்னஞ்சல் கட்டத்தில் இருப்பது வந்தவர் வாய்ச்சொல் மட்டுமே. அந்த முகவரி அவருடையதுதான் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் யாருடைய முகவரியையும் தட்டலாம். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவை.

எதில் கட்டுவது

ஒரு நாளைக்கு ஐந்தாறு கோரிக்கைதான் வரும் என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். ஆனால் அதில் லாகின் நான்கு வாசல் வழியாக உள்ளே வரும். நான்கையும் பார்க்க வேண்டும். முதலாவது, செட்டிங்ஸில் உள்ள 'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்'. ஒருவர் ஒருமுறைதான் அனுப்பினார் என்று கண்டுபிடிக்க கூகுளுக்கு அவருடைய கணக்கு தேவை, ஆகவே இது போடப்பட்டிருந்தால் லாகின் கேட்கும். இரண்டாவது, மின்னஞ்சல் சேகரிப்பு: 'வெரிஃபைடு' வேண்டாம், 'ரெஸ்பாண்டர் இன்புட்' என்று வையுங்கள். மூன்றாவது, அலுவலகக் கணக்கிலிருந்து படிவம் செய்தால் அந்த நிறுவனத்தாருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இருக்கக்கூடும். அதை எடுத்துவிட்டு, லிங்க் உள்ள எவரும் நிரப்பலாம் என்று மாற்றுங்கள். நான்காவதுதான் பலரைக் கவிழ்ப்பது: கோப்பு ஏற்றும் கேள்வி. அதைச் சேர்த்த கணமே நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸிலும் இதே நிலைமை. எவரும் நிரப்பலாம் என்று திறந்த படிவத்தில் கோப்பு ஏற்றும் கேள்வி கிடைக்காது. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட்டைப் பிறகு மின்னஞ்சலில்தான் வாங்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸில் இன்னொன்று: பதில்கள் தாவலில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் அனுப்பும்படி சொல்லலாம். இதைப் போடாவிட்டால் கோரிக்கைகள் யாரும் திறக்காத ஒரு தாளில் குவிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி, உதவிமேசை மென்பொருள். கோரிக்கைக்கு எண் போடுவது, பதிலை அதே இழையில் சேர்ப்பது, யார் கையில் இருக்கிறது என்று காட்டுவது எல்லாம் கூடவே வரும். இருவருக்கு மேல் பதில் எழுதுகிற இடமென்றால் நேராக இதற்குப் போங்கள். ஜென்டெஸ்க்கில் நிர்வாக மையத்தில் 'எண்ட் யூசர்ஸ்' அமைப்புக்குள் எவரும் டிக்கெட் (அதாவது கோரிக்கை) போடலாம் என்ற தேர்வு இருக்கிறது. ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்டில் பூட்டு இரண்டு அடுக்கு. முழுத் தளத்துக்கும் லாகின் இல்லாத அணுகலை நிர்வாகி முதலில் அனுமதிக்க வேண்டும். அதன் பிறகுதான் குறிப்பிட்ட திட்டத்தின் வாடிக்கையாளர் அனுமதிகளில் இணையத்தில் உள்ள எவரும் என்று வைக்க முடியும். கீழ் அடுக்கில் அந்தத் தேர்வைக் காணோம் என்றால் மேல் அடுக்கு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். சொந்த சர்வரில் ஓஎஸ்டிக்கெட் வைத்திருப்பவர்கள் நிர்வாகப் பலகையில் செட்டிங்ஸ், அதற்குள் யூசர்ஸ் போய், டிக்கெட் போடப் பதிவும் லாகினும் கட்டாயம் என்ற டிக்கை எடுக்க வேண்டும். அதன் கேப்ட்சா (வந்தவர் மனிதரா என்று சோதிக்கும் புதிர்) டிக்கெட் செட்டிங்ஸில் இருக்கிறது. அது வேலை செய்ய சர்வரில் ஓடும் பி.எச்.பி. நிரல்மொழியில், படம் வரையும் ஜி.டி. நூலகம் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

மென்பொருள் எதுவானாலும் ஒரு பொதுவான பொறி: லாகின் செய்தவருக்கு மட்டும் தெரிகிற கட்டம் ஒன்று கட்டாயம் என்று குறிக்கப்பட்டிருக்கும். வெளியாள் அனுப்பு பொத்தானை அழுத்துவார். எதுவும் நடக்காது, எந்தக் கட்டம் காலி என்றும் தெரியாது. நிர்வாகிக்கு இது கண்ணில் படவே படாது, ஏனென்றால் அவர் எப்போதும் உள்ளே இருப்பவர்.

மூன்றாவது, சொந்தமாக நிரல் எழுதுவது. பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும். கீழே வரும் தொழில்நுட்ப விவரங்களில் பல இவர்களுக்கானவை. மற்றவர்கள், வாங்கிய மென்பொருள் இவற்றைச் செய்கிறதா என்று சரிபார்க்கப் பயன்படுத்தலாம்.

என்ன கேட்பது, எதை விடுவது

பெயர், மின்னஞ்சல், எதைப் பற்றியது, என்ன நடந்தது. இந்த நான்குக்கு மேல் கட்டாயமாக எதுவும் வேண்டாம். ஆர்டர் எண் இருக்கலாம், விருப்பத்துக்கு விட்டு. தொலைபேசி எண்ணை நீங்கள் நிஜமாகவே கூப்பிடுவதாக இருந்தால் மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கூப்பிடாமல் இருந்தால், ஃபோன் வரும் என்று காத்திருந்த கோபமும் அடுத்த கோரிக்கையில் சேர்ந்து வரும்.

பெயருக்கு ஒரே கட்டம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து இரண்டையும் கட்டாயமாக்கினால், ஒற்றைப் பெயரும் ஒரு தலைப்பெழுத்தும் மட்டுமே உள்ளவர்கள் இரண்டாவது கட்டத்தில் புள்ளி வைத்து அனுப்புவார்கள். "அன்புள்ள புள்ளி" என்று பதில் போகும்.

மின்னஞ்சல் கட்டத்தை மின்னஞ்சல் வகை உள்ளீடாகவே அறிவியுங்கள். அப்போதுதான் கைபேசி விசைப்பலகையில் @ குறி முன்னால் வரும், சேமித்து வைத்த முகவரியை பிரவுசர் தானாக நிரப்பும். நீள வரம்பு 254 எழுத்து. முகவரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை சர்வரில் வெட்டிவிடுங்கள். கைபேசி பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் பின்னால் ஒரு வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வரும், அதைத் 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் உண்டு. கூட்டல் குறி உள்ள முகவரிகள் சரியானவை, அவற்றை மறுக்காதீர்கள். முகவரியை இரண்டு முறை தட்டச் சொல்வதும் பயனில்லாத வேலை: முதல் கட்டத்திலிருந்து பிழையோடு நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டுவார்கள். அதைவிட, அனுப்பிய பிறகு வரும் பக்கத்தில் "உங்களுக்கான பதில் இந்த முகவரிக்கு வரும்" என்று அந்த முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டி, தவறென்றால் திருத்த ஒரு பொத்தானையும் வையுங்கள். எழுத்து மாறியிருப்பது அங்கேதான் கண்ணில் படும்.

வகைகள் நான்கு முதல் ஆறு. பட்டியலை உங்கள் நிறுவனத்தின் துறைப் பெயர்களால் நிரப்பாதீர்கள். 'கணக்கியல்', 'செயல்பாடுகள்' என்றால் வெளியாளுக்கு என்ன புரியும்? 'பணம் கழிந்தது, பொருள் வரவில்லை', 'உள்ளே நுழைய முடியவில்லை' என்று அவர் வாயில் வருகிற மாதிரி எழுதுங்கள். கடைசியில் 'வேறு ஏதாவது' இருக்கட்டும். அந்தக் கடைசி வகையிலேயே பாதிக் கோரிக்கைகள் விழுந்தால் மேலே உள்ள பெயர்கள் சரியில்லை.

விவரக் கட்டத்துக்கு நீள வரம்பு வைக்கும்போது தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பிரவுசர் எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல, அவற்றின் குறியீட்டு அலகுகளை. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. பிரவுசருக்கு 7, ஏனென்றால் மெய்யின் புள்ளி தனி அலகு. யு.டி.எஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமித்தால் 21 பைட். ஆங்கிலத்துக்கு 1000 போதும் என்று தோன்றினால் 4000 வையுங்கள். தரவுத்தளம் மையெஸ்கியூஎல் என்றால் அட்டவணையின் எழுத்துக் குறியாக்க அமைப்பு 'யு.டி.எஃப்8எம்.பி.4' ஆக இருக்க வேண்டும். வெறும் 'யு.டி.எஃப்8' என்று வைத்தால் தமிழ் போகும், ஆனால் நான்கு பைட் கொண்ட இமோஜி ஒன்று வந்தால் கோரிக்கை பதிவாகாமல் பிழை காட்டும், அல்லது அந்த இடத்தோடு வெட்டுப்படும். கோபமாக இருப்பவர்கள் இமோஜி போடுவார்கள்.

கட்டத்தின் பெயரைக் கட்டத்துக்கு மேலே எழுதுங்கள். உள்ளே மங்கலாகத் தெரியும் எழுத்து, தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். உள்ளீட்டு எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐஃபோன் சஃபாரி ஒவ்வொரு கட்டத்தைத் தொடும்போதும் பக்கத்தைப் பெரிதாக்கும். பிழை வந்தால் அதுவரை தட்டியதை அழிக்கக் கூடாது. நாலு பத்தி எழுதியபின் வெற்றுப் படிவத்தைப் பார்த்தவர் இரண்டாம் முறை ஒரு வரிதான் எழுதுவார்.

விவரக் கட்டத்துக்குக் கீழேயே "கடவுச்சொல், கார்டு எண் எழுத வேண்டாம்" என்று ஒரு வரி. அப்படியும் எழுதுவார்கள். 13 முதல் 19 இலக்கம் வரை நீண்ட எண் வந்து, கார்டு எண்களுக்கான லூன் சோதனையிலும் தேறினால், சேமிக்கும் முன் கடைசி நாலு இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள்.

ஒப்புகை மின்னஞ்சல்: ஆபத்து இங்கேதான்

"உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று தானாகப் போகும் அஞ்சலை எல்லோரும் மரியாதைக்காக வைக்கிறார்கள். லாகின் இல்லாத படிவத்தில் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய பாகம் இதுதான். எப்படி என்று பாருங்கள். ஒருவன் மின்னஞ்சல் கட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியைப் போடுகிறான். விவரக் கட்டத்தில் "நீங்கள் பரிசு வென்றிருக்கிறீர்கள், இங்கே சொடுக்குங்கள்" என்று ஒரு லிங்க். உங்கள் அமைப்பு அந்த விவரத்தை மேற்கோள் காட்டி ஒப்புகை அனுப்புகிறது. அஞ்சல் உங்கள் டொமைனிலிருந்து, உங்கள் சின்னத்தோடு, எல்லாச் சரிபார்ப்பும் தேறி, அந்த அப்பாவியின் பெட்டியில் விழுகிறது. மோசடிக்காரன் ஒரு பைசா செலவில்லாமல் உங்கள் நற்பெயரை வாடகைக்கு எடுத்துவிட்டான். ஒரு நிரலை வைத்து இதையே ஆயிரம் முகவரிக்குச் செய்யலாம்.

தடுப்பது எளிது. ஒப்புகை அஞ்சலில் அனுப்பியவர் எழுதிய எதுவும் இருக்கக் கூடாது: விவரம் கூடாது, தலைப்பு கூடாது, பெயரும் கூடாது. ஆம், பெயரும்தான், பெயர்க் கட்டத்திலேயே லிங்க்கைத் திணிப்பது பழைய தந்திரம். கோரிக்கை எண், எத்தனை வேலை நாளில் பதில் வரும், "இதை நீங்கள் அனுப்பவில்லை என்றால் புறக்கணிக்கலாம்" என்ற வரி. அவ்வளவு போதும். உதவிமேசை மென்பொருட்களில் இந்த அஞ்சலுக்கான வார்ப்பு பெரும்பாலும் டிக்கெட் தலைப்பையும் விவரத்தையும் இழுத்துப் போடும்படி அமைந்திருக்கும். அவற்றை இழுக்கும் மாறிகளை (வார்ப்பில் உள்ள நிரப்புக் குறிகளை) தேடி நீக்குங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் பதிலின் நகலை நிரப்பியவருக்கு அனுப்பும் வசதியை அணைத்து வையுங்கள், அதுவும் தட்டிய முகவரிக்கே போகிறது. தன் கோரிக்கையின் நகல் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயம்தான். அனுப்பியதும் வரும் பக்கத்தில் காட்டுங்கள், வேண்டுமென்றால் சேமித்துக்கொள்வார். அங்கே பார்ப்பது எழுதியவர் மட்டுமே.

அடுத்தது சுற்றல். ஒப்புகை போகிறது, அவர் விடுமுறையில் இருக்கிறார், அவருடைய தானியங்கிப் பதில் உங்கள் பெட்டிக்கு வருகிறது, அதைப் புதுச் செய்தி என்று நினைத்து உங்கள் அமைப்பு இன்னொரு ஒப்புகை அனுப்புகிறது. இரண்டு இயந்திரங்கள் விடியவிடிய மரியாதை பரிமாறிக்கொள்ளும். படிவம் வழியாக வந்த புதுக் கோரிக்கைக்கு ஒருமுறை மட்டும் ஒப்புகை, பின்தொடரும் பதில்களுக்குக் கிடையாது என்று வையுங்கள். அஞ்சலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் (ஹெடர்) 'ஆட்டோ-சப்மிட்டட்' வரியைச் சேருங்கள். உள்ளே வரும் அஞ்சலில் அதே வரி இருந்தால் தானியங்கிப் பதில் அனுப்பாதீர்கள். 2004இல் வந்த ஆர்.எஃப்.சி. 3834 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்காகவே எழுதப்பட்டது.

அஞ்சல் போய்ச் சேர

சொந்தமாகப் படிவம் எழுதுபவர்கள் முதலில் செய்யும் தவறு, உதவிப் பெட்டிக்கு வரும் அறிவிப்பின் அனுப்புநர் இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியைப் போடுவது. பதில் பொத்தானை அழுத்தினால் நேராக அவருக்குப் போகுமே என்ற ஆசை. ஆனால் உங்கள் சர்வர் அவருடைய டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்றதல்ல. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலி அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பை) 'நிராகரி' என்று மாற்றியதிலிருந்தே இத்தகைய அஞ்சல்கள் வழியில் சத்தமில்லாமல் சாகின்றன. ஜிமெயில்காரர் கோரிக்கை வரும், யாஹூக்காரர் கோரிக்கை வராது என்கிற மாதிரி விசித்திரமான புகார் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைன் முகவரி. வாடிக்கையாளரின் முகவரி 'ரிப்ளை-டு' வரியில்.

உங்கள் டொமைனுக்கு எஸ்.பி.எஃப் (எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டி.கே.ஐ.எம் (அஞ்சலில் போடும் மின் கையொப்பம்) பதிவுகள் இரண்டும், டிமார்க் பதிவும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு டிமார்க் கட்டாயம், குறைவாக அனுப்பினாலும் வைப்பதில் நஷ்டமில்லை.

முகவரி, தலைப்பு, பெயர் கட்டங்களில் வரி முறிவு எழுத்துகள் வந்தால் நீக்குங்கள். விட்டால் அந்த முறிவுக்குப் பின்னால் 'பி.சி.சி.' (மறைமுக நகல்) வரியைச் சேர்த்து உங்கள் படிவத்தையே அஞ்சல் அனுப்பும் இயந்திரமாக்கிவிடுவார்கள். இன்னொன்று, அறிவிப்பு அஞ்சல் தொலைந்தாலும் கோரிக்கை தொலையக் கூடாது: முதலில் தரவுத்தளத்தில் எழுதுங்கள், பிறகு அஞ்சல்.

பாட்களை நிறுத்துவது

லாகின் இல்லை என்றால் பாட்கள் (தானாகப் படிவம் நிரப்பும் நிரல்கள்) வரும். படிவம் வெளியான சில நாளிலேயே வரத் தொடங்கும். இதற்கு உடனே படப்புதிர் கேப்ட்சாவைப் போடுவது, ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவரிடம் போக்குவரத்து விளக்குகளை எண்ணச் சொல்வது. ஓசையில்லாத தடுப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு பொறிக் கட்டம்: மனிதருக்குத் தெரியாது, பாட் நிரப்பும், நிரம்பியிருந்தால் கோரிக்கை ஸ்பேம் பெட்டிக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது பெயர். 'மின்னஞ்சல்2', 'தொலைபேசி' என்கிற மாதிரி பழக்கப்பட்ட ஆங்கிலப் பெயர்களை நிரலில் வைத்தால், பிரவுசரின் தானியங்கி நிரப்பி நல்லவர்களின் படிவத்திலும் அதை நிரப்பிவிடும். பொருளில்லாத பெயர் வையுங்கள். தானியங்கி நிரப்பலை அணையுங்கள். டேப் விசையால் போய்ச் சேர முடியாதபடியும், திரைவாசிப்பான் படிக்காதபடியும் குறியுங்கள். பார்வையற்ற ஒருவர் நேர்மையாக அதை நிரப்பி, ஸ்பேம் என்று ஒதுக்கப்படுவது மிகக் கேவலமான பிழை.

பிறகு நேரம். படிவம் திறந்து மூன்று வினாடிக்குள் அனுப்பப்பட்டால் மனிதர் அல்ல. அதற்கும் பிறகு வேக வரம்பு. ஒரே மின்னஞ்சலுக்கு மணிக்கு ஐந்து என்பது நல்ல தொடக்கம். ஐ.பி. முகவரிக்கு வைக்கும் வரம்பு தாராளமாக இருக்கட்டும், இருபது முப்பது. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி.யை எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன; மணிக்கு மூன்று என்று இறுக்கினால் உங்கள் சேவை விழுந்த நாளில், எல்லோரும் புகார் சொல்ல வரும் அதே நேரத்தில், கதவு சாத்தியிருக்கும்.

இவ்வளவும் போதவில்லை என்றால் கிளவுட்ஃபிளேர் டர்ன்ஸ்டைல் அல்லது ரீகேப்ட்சாவின் மூன்றாம் பதிப்பு. இரண்டும் பெரும்பாலும் புதிர் காட்டாமல் வேலை செய்கின்றன. மூன்றாம் பதிப்பு 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் தரும், 0.5க்குக் கீழே வந்ததை நேராக மறுக்காமல், மனிதர் பார்க்கும் தனி வரிசைக்கு அனுப்புங்கள். இவை தரும் டோக்கனை (சோதனை தேறியதற்கான சீட்டை) சர்வரில் சரிபார்க்க வேண்டும். பிரவுசரில் பார்த்துவிட்டு விட்டால் பூட்டில்லாத கதவுதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் கல் ஒன்று. ரீகேப்ட்சா டோக்கன் இரண்டு நிமிடத்திலும், டர்ன்ஸ்டைல் டோக்கன் 300 வினாடியிலும் காலாவதியாகும். பக்கம் திறந்ததும் டோக்கன் வாங்கி வைத்தால், பொறுமையாகப் பத்து நிமிடம் எழுதியவருக்குத்தான் பிழை வரும். அவசரத்தில் இரண்டு வரி எழுதியவர் தப்பிவிடுவார். சோதனை செய்பவர் எப்போதும் இரண்டு வரிதான் எழுதுவார் என்பதால் இது யாருக்கும் தெரியாமலே இருக்கும். அனுப்பு பொத்தானை அழுத்தும்போது டோக்கன் வாங்குங்கள். படிவம் உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் பாதுகாப்பு டோக்கனுக்கும் இதே நோய் உண்டு: பி.எச்.பி. சட்டகமான லாராவெலில் செஷன் இயல்பாக 120 நிமிடம்தான், காலையில் திறந்து வைத்த பக்கத்தை மாலையில் அனுப்பினால் 419 என்ற பிழை வரும்.

கோப்புகள்

ஒரு ஸ்கிரீன்ஷாட் நாலு மடல் பரிமாற்றத்தை மிச்சப்படுத்தும், ஆகவே முடிந்தால் கோப்பு வாங்குங்கள். கோப்பு ஒன்றுக்கு 10 மெகாபைட், மொத்தம் மூன்று கோப்பு என்பது நடைமுறைக்குப் போதும். ஆனால் நீங்கள் படிவத்தில் எழுதி வைத்த வரம்பும் சர்வரின் வரம்பும் வேறு வேறு. என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் இயல்பாக ஏற்கும் மொத்த அளவு 1 மெகாபைட், மீறினால் 413 என்ற பிழை. பி.எச்.பி.யில் ஒரு கோப்புக்கு இயல்பு வரம்பு 2 மெகாபைட், முழுப் படிவத்துக்கு 8. இந்த 8ஐத் தாண்டினால் நடப்பது வேடிக்கையானது: பி.எச்.பி. மொத்தப் படிவத்தையும் காலியாகக் கொடுக்கும், உங்கள் நிரல் "பெயர் கட்டாயம், மின்னஞ்சல் கட்டாயம்" என்று எல்லாவற்றையும் நிரப்பியவரிடம் சொல்லும். அளவை பிரவுசரிலேயே சோதித்துச் சொல்லிவிடுங்கள், சர்வர் வரம்புகளையும் உயர்த்துங்கள்.

கோப்பை அஞ்சலில் இணைத்து அனுப்பும் அமைப்பு என்றால், குறியாக்கத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஜிமெயிலில் அனுப்ப 25 மெகாபைட் வரம்பு என்றால் உண்மையில் 18க்குள் இருக்க வேண்டும். மூன்று பெரிய கோப்பு சேர்ந்தால் தாண்டிவிடும். லிங்க்காக அனுப்புவதே நல்லது.

ஜேபெக், பி.என்.ஜி, வெப்பி, பி.டி.எஃப், வெற்றுரை ஆகியவற்றை ஏற்கலாம். ஐஃபோன் படங்கள் எச்.இ.ஐ.சி. வடிவில் வரலாம், அதை மறந்தால் ஐஃபோன்காரர்கள் சிலர் வெளியே நிற்பார்கள். எஸ்.வி.ஜி. படம் போலத் தெரிந்தாலும் உள்ளே நிரல் இருக்கலாம், எச்.டி.எம்.எல். கோப்பும் அப்படித்தான்; இரண்டையும் மறுங்கள். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையை உறுதிசெய்யுங்கள். வந்த பெயரை விட்டுவிட்டு உங்கள் அமைப்பே ஒரு பெயர் சூட்டி, இணையத்திலிருந்து நேராகத் திறக்க முடியாத இடத்தில் வையுங்கள். பணியாளர் திறக்கும்போது பிரவுசருக்குள் ஓடாமல் பதிவிறங்கும்படி செய்யுங்கள்.

பதில் எழுதுபவர் பக்கம்

படிவத்தில் வந்த எழுத்தைப் பணியாளர் திரையில் அப்படியே காட்டினால், அதில் ஒளிந்திருக்கும் நிரல் பணியாளரின் பிரவுசரில் ஓடும். வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டுங்கள். கோரிக்கைகளை எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்யும் பழக்கம் இருந்தால் இன்னொரு வழியும் அடைக்க வேண்டும்: =, +, -, @ இவற்றில் தொடங்கும் எழுத்தை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் ஏற்றுமதியின்போது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி சேர்க்கப்பட வேண்டும்.

பணியாளர்களுக்கு எழுதித் தர வேண்டிய விதி, படிவத்தில் உள்ள பெயரையும் முகவரியையும் வைத்து யாரையும் அடையாளம் கண்டதாக நினைக்கக் கூடாது. "என் கணக்கின் மின்னஞ்சலை இந்தப் புது முகவரிக்கு மாற்றுங்கள்" என்று வரும் கோரிக்கை உண்மையாகவும் இருக்கலாம், கணக்கைத் திருட வந்ததாகவும் இருக்கலாம். கணக்கில் கைவைக்கிற எதற்கும், ஏற்கெனவே பதிவாகியுள்ள முகவரிக்கோ எண்ணுக்கோ ஒரு உறுதிப்படுத்தல் அனுப்பி, அங்கிருந்து ஒப்புதல் வந்த பிறகே செய்ய வேண்டும். பழைய ஆர்டர் விவரம், பாக்கித் தொகை, வீட்டு முகவரி போன்றவற்றைப் பதிலில் எழுதுவதற்கும் இதே விதி. "இந்த முகவரியில் கணக்கு எதுவும் இல்லை" என்று படிவம் உடனே சொல்வதும் தவறு. யார் யார் உங்கள் வாடிக்கையாளர் என்று ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்தே பட்டியல் எடுத்துவிடலாம்.

நிலையைப் பார்க்கும் வழி

லாகின் இல்லாதவர் தன் கோரிக்கை என்ன ஆயிற்று என்று பார்க்க, பலர் கோரிக்கை எண்ணும் மின்னஞ்சலும் கேட்கும் பக்கம் வைக்கிறார்கள். எண் வரிசையாகப் போவது. மின்னஞ்சல் பலருக்குத் தெரிந்தது. இரண்டையும் ஊகிப்பது கடினமல்ல. எண்ணை ஃபோனில் வாசித்துச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலைப் பக்கத்துக்கு, ஊகிக்க முடியாத 128 பிட் தற்செயல் குறியீடு உள்ள லிங்க்கை அந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். அதைத் திறந்தவர் அந்தப் பெட்டியின் சொந்தக்காரர் என்று அப்போதுதான் ஓரளவு சொல்ல முடியும். ஓஎஸ்டிக்கெட்டில் நிலை பார்க்கும் பக்கத்துக்கு மின்னஞ்சல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். லிங்க்குக்கு ஆயுள் வையுங்கள்: கோரிக்கை மூடி முப்பது நாள். அந்தப் பக்கத்தைத் தேடுபொறி எடுக்காதபடி குறிக்கவும் வேண்டும்.

வெளியிடும் முன்

அனுப்பியதும் நன்றிப் பக்கத்துக்குத் திசைதிருப்புங்கள், 303 என்ற திசைதிருப்பல் குறியீட்டைக் கொண்டு. அதே இணைய முகவரியில் பதிலைக் காட்டினால், பக்கத்தைப் புதுப்பித்தவரின் கோரிக்கை இரண்டாகும். பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் செயலிழக்கச் செய்யுங்கள். நெட் மெதுவாக இருந்தால் நாலு முறை அழுத்துவார்கள்.

பிறகு சோதனை. இன்காக்னிட்டோ ஜன்னலில், நீங்கள் எந்தக் கணக்கிலும் நுழையாத கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு.

1. இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஒப்புகை வந்ததா, ஸ்பேம் பெட்டியில் விழுந்ததா என்று ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மூன்றிலும் பாருங்கள்.
2. படிவத்தைத் திறந்து பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, தமிழில் நீளமாக, இமோஜியோடு எழுதி அனுப்புங்கள்.
3. 9 மெகாபைட் படம் ஒன்று, பிறகு 12 மெகாபைட் படம் ஒன்று. முதலாவது போக வேண்டும், இரண்டாவதற்குத் தெளிவான பிழை வர வேண்டும், எழுதியது அழியக் கூடாது.
4. பெயர்க் கட்டத்தில் ஒரு இணைய முகவரியைப் போட்டு அனுப்பி, அது ஒப்புகையில் எங்கும் வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.
5. விடுமுறைப் பதில் போடப்பட்ட ஒரு முகவரியைக் கொடுத்து அனுப்பி, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை அஞ்சல் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் நிறுத்திவிட்டு மேலே போய் ஒப்புகைப் பகுதியைத் திரும்பப் படியுங்கள்.

வெளியிட்ட பிறகு முதல் இரண்டு வாரம் ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். நல்ல கோரிக்கை ஒன்று அங்கே கிடந்தால் எந்தத் தடுப்பு அதைப் பிடித்தது என்று தெரியும்படி, காரணத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். காரணம் இல்லாமல் வெறும் 'ஸ்பேம்' என்று மட்டும் இருந்தால் எதைத் தளர்த்துவது என்று தெரியாது. மூடிய கோரிக்கைகளையும் அவற்றின் கோப்புகளையும் எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று முடிவுசெய்து, படிவத்தின் அடியில் ஒரு வரியாக எழுதி, அந்தத் தேதியில் தானாக அழியும்படி செய்யுங்கள். பயன்படாத ஸ்கிரீன்ஷாட்டுகளில் மற்றவர்களின் பெயரும் எண்ணும் கிடக்கும்.

உடைந்த படிவம் சத்தம் போடாது. கோரிக்கை வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். பிரச்சினை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். தினமும் ஒரு சோதனைக் கோரிக்கையைத் தானாக அனுப்பி, அது பணியாளர் வரிசைக்கு வந்து சேராவிட்டால் எச்சரிக்கும்படி அமையுங்கள். அதோடு, படிவம் வேலை செய்யாத நேரத்துக்காக அதே பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் எழுதி வையுங்கள், படமாக இல்லாமல் தொட்டால் திறக்கும் எழுத்தாக.